யாரிடம் பேசுகிறாள் இந்தப் பிள்ளை?



சந்தைவெளியில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளை நம் ஆண்டவர் நின்று கவனித்திருக்கிறார். மத்தேயு நற்செய்தி 11-ஆம் அதிகாரத்திலும் லூக்கா நற்செய்தி 7-ஆம் அதிகாரத்திலும் அந்தக் காட்சி வருகிறது. ஒரு கூட்டம் குழல் ஊதிக் கல்யாண விளையாட்டுக்குக் கூப்பிடுகிறது. மற்றவர்கள் ஆட வரவில்லை. சரி, சாவு வீட்டு விளையாட்டாவது விளையாடலாம் என்று ஒப்பாரி வைத்துப் பார்க்கிறார்கள். அதற்கும் இவர்கள் அழவில்லை. தம் காலத்து மக்களின் பிடிவாதத்தைச் சுட்டிக்காட்ட ஆண்டவர் இதைச் சொன்னார் என்று மறையுரைகளில் விளக்குகிறோம். அது சரியான விளக்கமே. ஆனால் அதற்கு முன்பு ஒரு சிறு செய்தி உண்டு. பெரியவர்கள் வீட்டில் நடப்பதையெல்லாம் பிள்ளைகள் தெருவில் திரும்ப நடத்திப் பார்ப்பார்கள் என்பது ஆண்டவருக்குத் தெரிந்திருந்தது.

இன்று நாம் பேச நினைப்பது அவர்களைவிடச் சிறியவர்களைப் பற்றி. இரண்டு வயது, மூன்று வயதுப் பிள்ளைகளைப் பற்றி. காரணம் உண்டு. திருப்பலி முடிந்து வெளியே வரும்போது தாய்மாரும் பாட்டிமாரும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நம்மிடம் அடிக்கடி கேட்கும் ஒரு விண்ணப்பம் இது: “சாமி, பிள்ளைக்கு ஒரு ஜெபம் பண்ணுங்க. தனியா உக்காந்து யாருகிட்டயோ பேசுது.”

ஜெபிக்கிறோம். சிலுவை அடையாளம் இடுகிறோம். குழந்தைக்கு ஆசீர் கொடுப்பதில் நமக்கு என்றும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்த முகங்களில் இருக்கும் பயத்துக்கு ஆசீர் மட்டும் போதாது, விளக்கமும் வேண்டும்.

ஒரு வீட்டைச் சொல்கிறோம். இப்படிப் பல வீடுகள் உண்டு. அங்கே மூன்று வயது நிரம்பாத ஒரு பெண் குழந்தை. அவளுக்கு ஒரு கூட்டாளி இருக்கிறார். பெயர் கொட்டாங்குச்சி மாமா. கிரைண்டருக்குப் பின்னால் குடியிருக்கிறார். அவருக்குக் கத்தரிக்காய் பிடிக்காது (அவளுக்கும் பிடிக்காது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை). காலையில் அவருக்கு ஒரு இட்லி தனியாக வைத்தாக வேண்டும். அப்பா நாற்காலியில் உட்காரப் போனால், “அப்பா, மாமா மேல உக்காராதீங்க!” என்று அலறுகிறாள். குளிக்கக் கூப்பிட்டால், “மாமாவுக்குச் சளி. இன்னைக்குக் குளிக்க மாட்டாராம்” என்று பதில் வருகிறது.

அந்த வீட்டில் மூன்று கட்சிகள். பாட்டிக்குப் பிள்ளையைக் காத்து கருப்பு ஏதோ அண்டிவிட்டது என்று சந்தேகம். கையில் கருப்புக் கயிறு ஏறிவிட்டது. கழுத்தில் மாதா சுரூபமும் கிடக்கிறது, ஒன்று தவறினால் ஒன்று என்று. அப்பாவுக்கோ, இப்போதே பொய் பேசுகிறாள், இந்த வயதிலேயே கண்டிக்காவிட்டால் கைமீறிப் போகும் என்ற கவலை. அம்மா இரண்டு பக்கமும் சேராமல், சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் கொட்டாங்குச்சி மாமாவுக்கு இட்லி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

அந்த அம்மாவின் பக்கமே நாம் நிற்கிறோம். ஏன் என்று சொல்கிறோம்.

பிள்ளையின் மனம் வளரும் விதத்தை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்தவர் சுவிட்சர்லாந்து நாட்டு ழான் பியாஜே. தம் சொந்தப் பிள்ளைகள் மூவரையும் நாள்தோறும் கவனித்துக் குறிப்பு எழுதினார். மூத்த மகளுக்கு ஒன்றேகால் வயது இருக்கும்போது, ஓரத்தில் குஞ்சம் வைத்த ஒரு துணி அவள் கண்ணில் பட்டது. அவளுடைய தலையணை ஓரமும் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். துணியைப் பிடித்தாள், விரலைச் சூப்பினாள், ஒருக்களித்துப் படுத்தாள், கண்ணைச் சிமிட்டினாள். ஆனால் அவ்வளவு நேரமும் சிரித்துக்கொண்டே இருந்தாள். அந்தச் சிரிப்புதான் முக்கியம். தூங்கவில்லை, தூங்குவதாக விளையாடுகிறேன் என்பது அந்தச் சின்னஞ்சிறுசுக்குத் தெரிந்திருக்கிறது.

வீட்டிலேயே நீங்கள் செய்து பார்க்கக்கூடிய ஒன்றும் உண்டு. ஆலன் லெஸ்லி என்ற உளவியலாளர் இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகளோடு செய்தது இது. இரண்டு காலிக் கோப்பைகளை வைத்து, இரண்டிலும் தேநீர் ஊற்றுவதுபோலப் பாவனை செய்யுங்கள். ஒரு சொட்டும் ஊற்ற வேண்டாம். பிறகு ஒன்றை மட்டும் கவிழ்த்துக் காட்டிவிட்டு நிமிர்த்தி வையுங்கள். “எது காலி?” என்று கேளுங்கள். பிள்ளை கவிழ்த்த கோப்பையைக் காட்டும். உண்மையில் இரண்டுமே காலிதான்! இருக்கும் உலகம் ஒன்று, பாவனை உலகம் ஒன்று என்று இரண்டையும் அந்தச் சின்னத் தலை ஒரே நேரத்தில் தாங்குகிறது, குழப்பிக்கொள்வதும் இல்லை. கோப்பையைக் கடித்துத் தின்னப் பார்ப்பதில்லை, இல்லாத தேநீரைக் குடித்துத் தாகம் தீர்ந்தது என்று தண்ணீர் கேட்காமல் இருப்பதுமில்லை.

ரஷ்ய நாட்டு அறிஞர் வைகோட்ஸ்கி இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார். ஒரு குச்சி குதிரையாகும்போது, குதிரை என்ற எண்ணம் உண்மையான குதிரையைவிட்டுக் கழன்று தனியே நிற்கப் பழகுகிறது என்றார். எதிரில் இல்லாததைப் பற்றிப் பேசவும், நாளையைப் பற்றித் திட்டமிடவும், பிற்காலத்தில் எழுத்தையும் எண்ணையும் புரிந்துகொள்ளவும் இந்தப் பழக்கம் வேண்டும். இது நம் மண்ணுக்குப் புதிதுமல்ல. காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறுதேரை உருட்டி விளையாடியதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. தேருக்குக் குதிரை எங்கே என்று அந்தப் பிள்ளைகளிடம் கேட்டிருந்தால், இதோ ஓடுகிறதே, தெரியவில்லையா என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

இப்போது கொட்டாங்குச்சி மாமாவிடம் வருவோம். கண்ணுக்குத் தெரியாத இத்தகைய கூட்டாளிகளைப் பற்றி அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் மார்ஜரி டெய்லர் என்பவர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 2004-இல் அவர் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், ஏழு வயதுக்குள் எப்போதாவது இப்படி ஒரு கூட்டாளி இருந்த பிள்ளைகள் 65 விழுக்காடு. உயிருள்ளதுபோல நடத்தப்பட்ட பொம்மைகளையும் சேர்த்த கணக்கு இது. அதாவது மூன்று பிள்ளைகளில் ஏறத்தாழ இரண்டு பேர். அவர்களிடம் துருவித் துருவிக் கேட்டால், “அது சும்மா, நிஜமில்ல” என்று கேட்டவருக்கே சமாதானம் சொல்லும் பிள்ளைகளும் இருந்தார்கள். மூன்றில் இரண்டு பிள்ளைகளைப் பேய் பிடித்திருக்கிறதென்றால், திருஅவையில் பேயோட்டும் அதிகாரம் பெற்ற குருக்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருந்தாலும் போதாது.

ஆகவே பாட்டிமாரே, கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். சுரூபம் இருக்கட்டும்.

அப்பாவின் கட்சிக்கு வருவோம். இது பொய்தானே? தூய அகுஸ்தினார் பொய்யைப் பற்றி மட்டும் இரண்டு நூல்கள் எழுதியிருக்கிறார். அவரைவிடக் கண்டிப்பாக இந்தப் பாவத்தைப் பேசியவர் அரிது. உயிரைக் காப்பாற்றக்கூடப் பொய் சொல்லலாகாது என்றவர். அவரே, வேடிக்கைப் பேச்சைப் பொய்க்கணக்கில் சேர்க்கவில்லை. உள்ளத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு, பிறரை ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணத்தோடு வேறொன்றைச் சொல்வதுதான் அவர் கண்ணில் பொய். கொட்டாங்குச்சி மாமாவைப் பற்றிச் சொல்லும் பிள்ளை நம்மை ஏமாற்றவில்லை, விளையாட்டுக்குக் கூப்பிடுகிறது. திருஅவைச் சட்டம் எண் 97, ஏழு வயது நிறையாத பிள்ளையைத் தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்க இயலாதவர் என்று கருதுகிறது. நாம் ஏழு வயதுக்குப் பிறகு கேட்கவிருக்கும் ஒப்புரவை, அப்பா இரண்டே முக்கால் வயதில் சமையலறையில் வைத்துக் கேட்டுவிடுகிறார்.

“பாலை யார் கொட்டியது?” என்றால், “பூனை” என்கிறது பிள்ளை. வீட்டில் பூனை இல்லை. இது கொஞ்சம் வேறு வகை, உண்மைதான். கொஞ்சம் பயம், கொஞ்சம் ஆசை. கொட்டாமல் இருந்திருக்கலாமே என்ற ஆசை பூனையாக வருகிறது. இங்கே விசாரணை மன்றம் கூட்டினால் பிள்ளை இன்னும் இரண்டு பூனைகளைக் கூட்டி வரும். “பால் கொட்டிடுச்சு. வா, துணி எடுத்துத் துடைப்போம். அந்தப் பூனையையும் துடைக்கச் சொல்லு” என்றால், வேலையும் நடக்கும், கொட்டினால் துடைக்க வேண்டும் என்ற பாடமும் படியும். யார் கொட்டியது என்பது நமக்கும் தெரியும், அதற்கும் தெரியும்.

இனி, நமக்கு மனத்தில் பாரமாக இருக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

இல்லாத தேநீரை ஊற்றத் தெரிந்த மனத்துக்கு, இல்லாத பூதத்தை உண்டாக்கவும் தெரியும். ஆக்ஸ்போர்டில் பால் ஹாரிஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் 1991-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், சற்றுப் பெரிய பிள்ளைகளிடம், நான்கு வயது, ஆறு வயதுக்காரர்களிடம், ஒரு காலிப் பெட்டியைத் திறந்து காட்டினார்கள். உள்ளே ஒரு பூதம் இருப்பதாகப் பாவனை செய்யச் சொன்னார்கள். பாவனைதான் என்று பிள்ளைகள் தெளிவாகச் சொன்னார்கள். ஆனால் பெரியவர் அறையைவிட்டு வெளியே போக எழுந்தபோது, தனியே இருக்க மறுத்த பிள்ளைகளும் உண்டு. ஒருவேளை இருந்துவிட்டால்? பாவனை என்று தெரியும், பயம் மட்டும் நிஜம்.

நாம் சோறு ஊட்டும்போது என்ன சொல்கிறோம்? “சாப்பிடலேன்னா பூச்சாண்டி பிடிச்சுக்குவான்.” தூங்க வைக்கும்போது? “கண்ணை மூடு, இல்லேன்னா போலீஸ் வந்திடும்.” எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: “சாமி கண்ணைக் குத்தும்.”

நம்மூரில் கடவுளையும் சாமி என்கிறோம், குருவையும் சாமி என்கிறோம். பெரியவர்களுக்கு இது ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள். பிள்ளைக்கு அந்த வேறுபாடு கிடையாது. வீடு மந்திரிக்கப் போனால், “அம்மா, சாமி டீ குடிக்குது!” என்று வியக்கிறது. “சாமி செருப்பை விட்டுட்டுப் போயிடுச்சு” என்று நம் பின்னாலேயே ஓடி வருகிறது. சிரிப்பாக இருக்கிறது. ஆனால் சில பிள்ளைகள் நம்மைக் கண்டதும் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு அம்மாவின் சேலைக்குள் ஒளிகின்றன. அப்போது சிரிப்பு வருவதில்லை. அந்த வீட்டில் சோறு ஊட்ட நம்மையும், நம்மை அனுப்பியவரையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளையின் மனத்தில் கடவுள் இன்று கிரைண்டருக்குப் பின்னால் நிற்கிறார், ஊசியோடு. பத்து வயதில் மறைக்கல்வி வகுப்பில், கடவுள் உன்னை அன்பு செய்கிறார் என்று நாம் சொல்லித்தரும்போது, அது தலையாட்டும். உள்ளே எது முதலில் பதிந்ததோ அது அங்கேயே இருக்கும். வளர்ந்த பிறகும் ஒப்புரவுத் தொட்டியின் கம்பித் தட்டிக்கு அந்தப்புறம் கைகள் நடுங்க உட்கார்ந்திருப்பவர்களை நாங்கள் குருக்கள் பார்க்கிறோம்.

மாற்கு நற்செய்தி 10-ஆம் அதிகாரத்தில் பிள்ளைகளை அதட்டியவர்கள் சீடர்கள். அவர்கள்மேல் ஆண்டவர் கோபம் கொண்டார் என்றே மாற்கு எழுதுகிறார். பிள்ளைகளையோ அணைத்துக்கொண்டார். “சாமி கண்ணைக் குத்தும்” என்ற வாக்கியத்தை நம் பங்கு வீடுகளிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். கெஞ்சியே கேட்கிறோம்.

அப்படியானால் சோறு எப்படி உள்ளே போகும் என்கிறீர்கள். தட்டைச் சுற்றி நடக்கும் போர் எங்களுக்குத் தெரியாததல்ல. நம் அக்கா தங்கை வீடுகளில் பார்க்கிறோம். தெளித்து, பிசைந்து, முகத்தில் பூசி, பாதியைத் தரைக்கும் கொடுத்து உண்ணும் குழந்தை இல்லாத செல்வம் என்ன செல்வம் என்று பாண்டிய மன்னன் ஒருவன், அறிவுடை நம்பி, புறநானூற்றில் பாடியிருக்கிறான். மன்னன் வீட்டுத் தரையை யார் துடைத்தார்கள் என்று அவன் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் நீங்கள்தான் துடைக்க வேண்டும். அதனால் பலர் கைபேசியை எடுத்து எதிரில் வைத்துவிடுகிறார்கள். பிள்ளை வாயைத் திறக்கிறது, சோறு போகிறது, வீடு அமைதி. ஆனால் அந்தக் கருவி எல்லாப் பாவனைகளையும் தானே செய்துவிடுகிறது, பிள்ளைக்கு ஒன்றும் மிச்சம் வைப்பதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் தந்த வழிகாட்டுதலின்படி, இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் திரையே வேண்டாம். இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதற்கும் குறைவாக இருந்தால் நல்லது.

நம் பாட்டிமாரிடம் இதற்கு வேறு கருவி இருந்தது: நிலா. சோற்று உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிலாவை வா வா என்று கூப்பிட்டால் அது வராது என்பது பாட்டிக்கும் தெரியும், பேரனுக்கும் தெரியும். இருவரும் சேர்ந்து கூப்பிடுவார்கள். பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம் என்று ஒரு தனிப் பருவமே உண்டு. இயேசு பாலனைப் பாட்டுடைத் தலைவராக வைத்து நம் காலத்தில் பாடிய பிள்ளைத்தமிழும் இருக்கிறது. பூச்சாண்டியும் கற்பனை, நிலாவும் கற்பனை. ஒன்றில் பிள்ளை பயந்து வாயைத் திறக்கிறது, மற்றதில் விளையாடி வாயைத் திறக்கிறது.

அப்பாக்கள் சிலர், “நமக்கு இந்த விளையாட்டெல்லாம் வராது சாமி” என்கிறார்கள். தூய தோமா அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் விளையாட்டைப் பற்றித் தனியே ஒரு வினா வைத்து, அளவோடு விளையாடுவது நற்பண்பு என்றும், தானும் மகிழாமல் பிறர் மகிழ்ச்சியையும் கெடுத்துக்கொண்டு எப்போதும் இறுகியிருப்பது குறை என்றும் எழுதியிருக்கிறார். இரவு வேலை முடிந்து வந்தவர் இரண்டு மணி நேரம் யானையாக நடக்க வேண்டியதில்லை. முதுகுவலிக்காரர்கள் படுத்துக்கொண்டே நோயாளியாக நடிக்கலாம். பிள்ளை ஊசி போடும், மருந்து கொடுக்கும், “அழக் கூடாது” என்று அதட்டும். அந்த அதட்டலில் யார் குரல் கேட்கிறது என்று மட்டும் கவனித்துப் பாருங்கள். வீட்டில் நாம் எப்படிப் பேசுகிறோம் என்பதைப் பிள்ளையின் விளையாட்டைப்போல நேராகச் சொல்பவர் யாருமில்லை.

நம் வீட்டுப் பிள்ளைகள் பூசையும் வைக்கின்றன. தோளில் துண்டு, முன்னால் முக்காலி, டம்ளர், பிஸ்கட். பாட்டி முழங்கால்படியிட வேண்டும், நாக்கை நீட்ட வேண்டும். இது தெய்வ நிந்தை ஆகுமா என்று கேட்டவர்கள் உண்டு. நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா ஆயர் அலெக்சாந்தர், கடற்கரையில் சிறுவர்கள் ஆயர் விளையாட்டு விளையாடுவதைத் தூரத்திலிருந்து கண்டு அழைத்து வரச் சொன்னாராம். பயந்துபோய் முதலில் மறைத்தார்கள். அவர் பொறுமையாகக் கேட்டறிந்தார். ஆயராக நடித்தவன் கூட்டாளிகள் சிலருக்குத் திருமுழுக்கும் கொடுத்திருந்தான், முறை தவறாமல். அந்தத் திருமுழுக்கை மீண்டும் கொடுக்க வேண்டியதில்லை என்று முடிவு செய்தார் ஆயர். அந்தச் சிறுவன்தான் பின்னாளில் தூய அத்தனாசியார் என்று வரலாற்றாசிரியர் ரூபினுஸ் எழுதுகிறார். காலக்கணக்கு ஒத்துவரவில்லை என்று இதை ஐயப்படுகிறவர்களும் உண்டு. இருக்கட்டும். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேட்ட ஓர் ஆயரின் கதையைத் திருஅவை மறக்காமல் வைத்திருக்கிறது.

ஒரு வார்த்தை மருத்துவர் பக்கமும் சொல்ல வேண்டும். பாவனை விளையாட்டு இருப்பது கவலைக்குரியதல்ல, அறவே இல்லாதிருப்பதைத்தான் மருத்துவர்கள் கவனிக்கிறார்கள். ஒன்றரை, இரண்டு வயதாகியும் பொம்மைக்கு ஊட்டுவது, காலிக் கோப்பையில் குடிப்பதுபோல் காட்டுவது எதுவுமே இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, கண்ணைப் பார்ப்பதில்லை, பேசிய சொற்களும் குறைந்துகொண்டே வருகின்றன என்றால், காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆசீருக்கும் வாருங்கள், ஆனால் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, யாருடைய பாவமும் இல்லை.

கடைசியாக ஞாயிறு திருப்பலியைப் பற்றி. எழுந்தேற்ற நேரத்து அமைதியில், “அம்மா, சாமி ஏன் சேலை கட்டியிருக்கு?” என்று ஒரு குரல் கோவில் முழுக்கக் கேட்கும். கோவில் குலுங்கும். அந்தத் தாய் முகம் சிவந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவாள். நமக்கு வருத்தம் அந்தக் கேள்வியால் அல்ல, அவள் ஓடுவதால்தான். பின்னால் உட்காரும் பிள்ளைக்குப் பெரியவர்களின் முதுகு மட்டும்தான் தெரிகிறது. பார்க்க ஒன்றுமில்லாதபோது அது தானே ஒரு வேலையை உண்டாக்கிக்கொள்கிறது. முன்னால் உட்கார்ந்தால் மெழுகுதிரி தெரியும், மணி தெரியும், பூ தெரியும், சாமியின் சேலையும் நன்றாகத் தெரியும். பீடத்துக்கு இடப்புறம் முதல் இரண்டு வரிசைகளைக் கைக்குழந்தைகளோடும் சிறு பிள்ளைகளோடும் வருகிறவர்களுக்கு ஒதுக்கி வைக்கும்படி உபதேசியாரிடம் சொல்லியிருக்கிறோம். கண்ணுக்குத் தெரியாத கூட்டாளிகளுக்கும் அங்கே இடம் உண்டு. கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தால் போதும்.